ஒரு எழுத்து கூட்டி வைத்த பெயர்

என் அக்காவின் கையெழுத்தை இந்த ஊரில் பாதிப் பேர் தின்றிருக்கிறார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைத்தெரு முனையில் இருக்கும் பேக்கரியில் பிறந்தநாள் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், ஐஸ் பெட்டிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே அவளுக்கென்று ஒரு குட்டி மேஜை. நின்றுகொண்டேதான் எழுதவேண்டும். உட்கார்ந்தால் எழுத்து சாய்ந்துவிடுமாம். அதனால் நாற்பது வயதிலேயே குதிகாலில் வெடிப்பும் முழங்காலில் வலியுமாக நடக்கிறாள்.

யாராவது வந்து பெயரைச் சொன்னால் அக்கா எழுதமாட்டாள். "எழுத்து சொல்லுங்க" என்பாள். அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, முதலில் ஒரு துண்டு பட்டர் பேப்பரில் கிரீமால் எழுதிக் காட்டுவாள். "இதுதானே? ஒரு தடவை நல்லாப் பாத்துக்குங்க." அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கிரீம் அடைத்த கோன் கேக்கின் பக்கம் போகும். அந்தக் கடை முதலாளி அவளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "வாயால சொன்னா பத்து புள்ளைங்களுக்கு ஒரே பேருதாம்மா. எழுதினாத்தான் ஆளுக்கு ஒண்ணு." ஒரே சாயங்காலம் ஒரே பெயரில் மூன்று கேக் போன நாள் உண்டு. ஒன்றில் ஓர் எழுத்து கூட, ஒன்றில் ஓர் எழுத்து குறைவு. ஒருவர் கேக் இன்னொருவர் வீட்டுக்குப் போனதே இல்லை.

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவளுடைய மொத்தத் தப்பும் அங்கேதான் ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

அவளுக்கு இரண்டு பெண்கள். பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எவளைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே குழம்பிவிடும். மூத்தவள், சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம்.

மூத்தவள் ஐந்து வயதைத் தொடவில்லை. சளி என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், ஒரு வாரத்துக்குள் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது அக்காதான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமா வெளியே நின்றார். அவரால் உள்ளே வர முடியவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டிடங்களில் நின்றுபோன லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களிடம், மேலிருந்து குனிந்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று பேசுகிற குரல் அவருடையது. பொறுமைசாலி. குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. நல்ல மனுஷன் செய்கிற கெடுதலுக்குத்தான் மருந்தே கிடையாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூத்தவள் போனதிலிருந்து அவர் 'செத்துட்டா' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. 'அப்ப', 'அந்தச் சமயத்துல', 'ஆஸ்பத்திரிக்குப் போனப்ப' என்று சுற்றி வளைப்பாரே தவிர, அந்த இடத்தில் கால் வைக்கமாட்டார். நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்ன? அவருக்கு வெந்துவிடும்போலிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துச் சின்னவள் பிறந்தாள். வார்டில் அக்கா இன்னும் அரை மயக்கத்தில் இருந்தாள். துணியில் சுற்றிய பிள்ளையை நர்ஸ் மாமா கையில் கொடுத்தார். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மூத்தவளைக் கூப்பிடும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் அவருடைய அக்கா, அதாவது என் அக்காவின் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

"அப்படியே அவதான். மூக்கப் பாரு, காதப் பாரு. போனவதான் திரும்பி வந்திருக்கா. வேற பேரு கீறு வெச்சீங்கன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவா."

நாத்தனார் அக்கா குடியிருக்கும் கட்டிடத்திலேயே கீழ்த்தளத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். புருவம் திருத்த வருகிறவர்களுக்கு வாழ்க்கையையும் சேர்த்துத் திருத்துகிறவள். பிள்ளைகள் மேல் பாசம் இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். பாசம் இருந்தது. அதுதான் தொந்தரவே.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு முதன்முறையாக வாயைத் திறந்தாள். "வேணாங்க. அந்தப் பேரு வேணாம். அது அவளோடது." அவள் வேறொரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். எப்போதோ ஒரு கேக்கில் எழுதிய பெயர், எழுதும்போதே கைக்குப் பிடித்துப்போனதாம்.

மாமா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவார். நாலைந்து நாள் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பி, ஷூவுக்குள் ஒரு காலை விட்டபடியே சொன்னார்.

"எனக்கு வேற எதுவும் வேணாம். இந்த வீட்டுல நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டா யாராவது திரும்பிப் பாக்கணும். இல்லன்னா என்னால இங்க இருக்க முடியாது."

அக்கா என்ன செய்வாள், பிள்ளை பெற்ற உடம்பு, வாயில்லாப் பூச்சி. யோசித்து யோசித்து தன் தொழிலில் இருந்தே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெயர் அதேதான் இருக்கட்டும், எழுத்தை மாற்றிவிடலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சமையல் மேடையில் பட்டர் பேப்பரை விரித்து வைத்திருந்தாள். கடையில் மிச்சமிருந்த ரோஸ் கிரீமைக் கோனில் அடைத்து, அந்தப் பெயரைக் கீழே கீழே எழுதிக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில்தான். முதல் வரி மூத்தவளுக்கு எழுதியது போலவே. அடுத்ததில் நடுவே ஒரு 'ஹெச்' சேர்ந்தது. அதற்கடுத்ததில் கடைசியில் இன்னொரு 'ஏ'. நாலாவதில் முதல் எழுத்தே வேறு. கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவது போல மாமாவைக் கூப்பிட்டு, "எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

மாமா முதல் வரியைத் தொட்டார்.

அக்கா அந்த வரியைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பாக வழித்தெடுத்தாள். விரலைக் குழாயடியில் நீட்டிக் கழுவினாள். "அது முடிஞ்சுபோச்சு. மீதியில சொல்லுங்க" என்றாள்.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நான் முணுமுணுத்தேன். மாமா மற்ற மூன்றையும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "எதுவா இருந்தா என்ன? கூப்பிடறது ஒண்ணுதானே" என்று நாலாவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தபோதே அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் 'ஏ' கூட்டிய மூன்றாவதை எடுத்துக்கொண்டாள். பார்க்க அதுதான் பாந்தமாக இருக்கிறது என்றாள். மாமா அதற்கும் சரி என்றார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமாக்கா?" என்று கேட்டேன். "எழுத்து காதுல விழுமா?"

"பாத்தா தெரியும்டி. எழுதினா வேற ஆளு" என்றாள்.

பேப்பரை மேடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்து மூன்று வரியிலும் வித்தியாசம் பார்க்காமல் மொய்த்தது. எறும்புக்கு எழுத்துத் தெரியுமா? நான்தான் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அந்த எழுத்தை அக்கா எப்படிக் காப்பாற்றினாள் தெரியுமா? பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது கவுன்டரில் இருந்த ஆளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலில், துண்டின் ஓரத்தில், தடுப்பூசி அட்டையில், எங்கெங்கு எழுத இடமிருந்ததோ அங்கெல்லாம் ஒரு 'ஏ' கூடுதலாக எழுதினாள். வருஷா வருஷம் பிறந்தநாள் கேக்கில் அந்தக் கடைசி எழுத்துக்கு மட்டும் ஒரு சுழி அதிகம் கொடுப்பாள்.

ஆனால் வீடு என்பது கேக் கடை இல்லையே. வீட்டில் யார் எழுதிக் கூப்பிடுகிறார்கள்? மாமா வேலை முடிந்து வந்து வாசலில் கருவிப் பையை வைத்ததும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முன்பு கூப்பிட்ட அதே இழுவை, அதே கொஞ்சல். சின்னவள் ஓடிவருவாள். அக்கா அடுப்படியில் கையில் இருக்கிற கரண்டியோடு நின்றுவிடுவாள். ஒவ்வொரு நாளும் ஒரு நொடி யார் ஓடி வருகிறார்கள் என்று பார்ப்பாளாம். என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சின்னவள் இடது கைக்காரி. ஸ்பூனைப் பிடிப்பது, பந்தை எறிவது எல்லாம் இடது கைதான். மாமா ஸ்பூனை மெல்ல வாங்கி அவள் வலது கையில் மாற்றுவார். "நீ எப்பவும் இந்தக் கையாலதானே சாப்பிடுவ" என்பார். மிரட்டல் கிடையாது, அன்பாகத்தான். பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வலது கையால் மேலெல்லாம் சிந்திக்கொண்டு சாப்பிடும்.

நாத்தனார் பங்குக்கு மூத்தவளின் கவுன்களை எல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். போடும்போதே கதையும் சொல்வாள். "இத போட்டுக்கிட்டுத்தான் நீ கடல் பாக்கப் போன. அலையப் பாத்து அழுத." சின்னவள் கடலைப் பார்த்ததே இல்லை. ஹாலில் மூத்தவளின் போட்டோ ஒன்று இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரென்று கேட்டால் சின்னவளே முந்திக்கொண்டு சொல்வாள்: "அது நான். முன்னாடி."

ஒருநாள் நான் பார்லருக்கே போய்க் கேட்டுவிட்டேன். "ஏங்க, பச்சப்புள்ள மண்டையில என்னத்த ஏத்திவிடறீங்க?"

நாத்தனார் ஒரு பெண்ணின் முகத்தில் பூசிய களிம்பைத் துடைத்தபடியே, "உன் அக்கா புருஷன் சிரிச்சு எத்தன வருஷமாச்சுன்னு தெரியுமா? இப்ப சிரிக்கிறான். உனக்கு அது பொறுக்கலையா?" என்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன். எனக்கே அப்படி என்றால் அக்கா எப்படி எதிர்த்துப் பேசுவாள்? பேசிய இரண்டொரு முறையும் மாமா பழையபடி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். "அவ வேற, இவ வேறங்க" என்ற அவளுடைய பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் போனது.

அப்புறம் சின்னவளுக்கு நாலரை வயது ஆனது. மூத்தவள் நின்றுபோன வயது.

அந்த மாதத்தில்தானா அவளுக்குக் காய்ச்சல் வரவேண்டும்? பருவம் மாறும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான். எங்கள் மருந்துக்கடையில் அந்த வாரம் சிரப் பாட்டில் தீரத் தீர வரவழைத்தோம். சொன்னால் யார் கேட்டார்கள்? மாமா லீவு போட்டுவிட்டுக் கட்டில் காலடியில் உட்கார்ந்துகொண்டார். தெர்மாமீட்டரைக் கீழே வைக்கவில்லை. நாத்தனார் கதவோரம் நின்று, "போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று பெருமூச்சு விட்டாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். மாமா பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ உன்ன விடமாட்டேன்டா, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நாலாம் நாள் பிள்ளை வீடு முழுக்க ஓடியது. மாமா இன்னும் லீவில்தான் இருந்தார், ஆனால் மூன்று நாள் தூங்காத அசதியில் படுத்துவிட்டார். அதனால் அக்கா பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப்பார்க்கலாம் என்று நானும் போனேன். மேஜைக்குப் பக்கத்தில் சின்னவள் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இடது கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்கா யாரோ ஒரு பையனின் பெயரைப் பாதி எழுதியிருந்தாள்.

"அம்மா, நான் செத்துப்போனப்ப எனக்கு வலிச்சுதா?"

அக்காவின் கை நின்றது. கோன் முனையில் கிரீம் துளியாகப் பெருத்தது.

"நீ எங்கடா செத்த?" என்றேன் நான். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"ஆஸ்பத்திரில. அத்தை சொன்னாங்க." பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "இந்தத் தடவ எப்பம்மா? பொறந்தநாளுக்கு முன்னாடியா, கேக் வெட்டினப்புறமா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. அழவும் இல்லை. பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று கேட்பது போலக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு தூங்கி எழுந்திருக்கிறது அந்தக் குஞ்சு? எனக்கு அந்த இடத்திலேயே யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது.

அக்கா கோனைக் கீழே வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி எழுதிய கேக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். முதலாளி பின்னாலிருந்து, "என்னம்மா, ஆள் நிக்கிறாங்க" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. முழங்கால் வலிக்காரி அன்று நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மாமா எழுந்து ஹாலில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். நாத்தனார் சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையை அவர் எதிரே தரையில் இறக்கிவிட்டாள்.

"மூத்தவ என்ன ஆனான்னு இவகிட்ட சொல்லுங்க."

"எதுக்கு இப்ப?" என்றார் மாமா, கையில் இருந்த திருகாணியைப் பார்த்தபடி.

"புள்ளைய முன்னாடி வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது" என்று நாத்தனார் எழுந்தாள்.

"புள்ளதான் கேக்குது அண்ணி. எப்ப சாவேன்னு என்னக் கேக்குது. பொறந்தநாளுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லுங்க."

இருபது வருஷத்தில் அக்கா நாத்தனாரிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நாத்தனார் டீ கிளாஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மாமா தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை பயந்துபோய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் உதடு இரண்டு மூன்று முறை அசைந்தது.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா" என்றார். நிறுத்தினார். அக்கா காத்திருந்தாள். "உன் அக்கா. அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. செத்துட்டா."

அந்த வார்த்தையைச் சொன்னதும் அவர் தோள் இரண்டும் கீழே இறங்கின. அழுதார். இத்தனை வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். பிள்ளை போட்டோவைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"அது நான் இல்லையா?"

"இல்லம்மா. அது அவ."

"எனக்கு அக்கா இருந்தாளா? சித்தி அம்மாவக் கூப்பிடறாங்களே, அந்த மாதிரி அக்காவா?"

"ஆமா."

பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. புடவையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய்ப் பிரித்துப்போட்ட ஃபேன் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். புதிதாக ஓர் அக்கா கிடைத்தால் யாரும் முதலில் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"அவ பேரு என்னப்பா?"

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். சொல்லாமல் தீராது என்று தெரிந்ததும், பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே, மாமா அந்தப் பெயரைச் சொன்னார்.

"அது என் பேரு" என்றாள் சின்னவள்.